இரண்டு தட்டு என்றால் வா

ஜூன் 4, செவ்வாய்

வீட்டுக்காரிக்கு,

போன் போடாதே என்றாய், போடவில்லை. அது மேஜை டிராயரில் கிடக்கிறது, சார்ஜ் போட்டு நாலு மாதம் இருக்கும். இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்றார் உன் அண்ணன், காட்டவில்லை. கடிதம் எழுதக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தச் சந்தில் புகுந்துதான் எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

தொழில் ஏதோ ஓடுகிறது. ஏழு மாதமாகப் பஞ்சு கொட்டும் வில்லைத் தொடவில்லை. மில்லில் மெஷின் போட்டு அடித்த பஞ்சை மூட்டையாக வாங்கி, துணிக்குள் அடைத்து, தைத்துக் கொடுக்கிறேன். "முன்ன மாதிரி மெத்துனு இல்லையேப்பா" என்கிறார்கள். சிரித்து வைக்கிறேன். வில் பட்டறைச் சுவரில் அதே ஆணியில், நாண் கட்டியபடியே தொங்குகிறது.

சொல்ல வந்தது இதுதான். போன புதன்கிழமை, லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, சாயங்காலம் நாலு பத்துக்கு வில் ஒலித்தது. ஒரே ஒரு தடவை. கட்டையால் அடிக்கிற சத்தம் இல்லை, விரலால் சுண்டுகிற சத்தம்.

பல்லி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். வியாழனும் நாலு பத்துக்குப் பல்லி விழுந்தது. வெள்ளிக்கிழமை ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். நான் பார்க்கப் பார்க்க நாண் உள்ளே இழுபட்டு விடுபட்டது. சனி, ஞாயிறு ஒன்றுமில்லை. நேற்று மறுபடியும். நேற்று பக்கத்துக் கடை சைக்கிள்காரரும் இருந்தார். காற்றடிக்கும் பம்பை அப்படியே வைத்துவிட்டு, "பாப்பா வந்துட்டாளா?" என்று பழக்கத்தில் கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. எழுந்து போனவர் இன்று கடை திறக்கவில்லை.

நம் மகள் பிசிறைக் கூப்பிடுவது எப்படி என்று உனக்கு நினைவிருக்கும். எந்தத் தெருவில் விளையாடினாலும் நான் கட்டையை எடுத்து நாணில் இரண்டு தட்டு. இரண்டு தட்டு என்றால் வா. ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, விரலால் ஒரு தடவை சுண்டுவாள். ஒன்று என்றால் வந்துட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் பையைக் கழற்றும் முன்னால் அந்த ஒன்று.

நான் உன்னைத் திரும்பி வா என்று கேட்கவில்லை. ஒரே ஒரு நாள், நாலு மணிக்கு வந்து கேட்டுவிட்டுப் போ. எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதா இல்லையா என்று சொல்ல வேறு யாரும் இல்லை.

இப்படிக்கு,
அவள் அப்பா


ஜூன் 6, வியாழன்

மெத்தைக்காரருக்கு,

கடிதம் வந்தது. கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். அண்ணி வாயில் நூலோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள், கிழித்தால் நூறு கேள்வி வரும் என்று மடித்து வைத்தேன். இங்கே நாங்கள் இருவரும் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறோம். இந்த வாரம் ஆறு வயது அளவு. நூற்றிருபது சட்டை. என் நிலைமையைப் புரிந்துகொள்ள அது போதும்.

என்னை வரவழைக்க வேறு வழியே கிடைக்கவில்லையா? பெண்டாட்டியைக் கூப்பிடச் செத்த பிள்ளையைத் தூது விடுகிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன்.

எனக்கு நினைவிருக்கும் என்கிறீர்கள். சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். நானும் அவளும் செருப்புக் கடையிலிருந்து வெளியே வந்தோம். புதுச் செருப்பைக் கழற்றவே மாட்டேன் என்று போட்டுக்கொண்டே வந்தாள். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீங்கள் வேலை தேடித் தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள், தோளில் வில்லோடு. எங்களைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை உங்களுக்கு. கட்டையை எடுத்து இரண்டு தட்டு. நாய்க்குட்டியைப் பழக்குகிற மாதிரி பிறந்ததிலிருந்து பழக்கி வைத்திருந்தீர்களே, அவள் இடது பக்கம் பார்ப்பாளா, வலது பக்கம் பார்ப்பாளா? என் கையை உதறிவிட்டு ஓடினாள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். லாரிக்காரனை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் அம்பு. வில் யார் கையில் இருந்தது?

அந்த வில்லை இன்னும் நாண் கட்டியே வைத்திருக்கிறீர்களே, அதற்கு எப்படி மனசு வந்தது? அவிழ்த்துவிடுங்கள். நாண் இல்லாத கம்பு ஒலிக்கிறதா என்று பார்ப்போம். ஒலிக்காவிட்டால் உங்களுக்குப் பித்து இல்லை, பொய்தான் என்று ஆகிவிடும்.

பதில் எழுத வேண்டாம்.


ஜூன் 10, திங்கள்

வீட்டுக்காரிக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை, தகவல்.

உன் கடிதம் சனிக்கிழமை காலையில் வந்தது. பதினொரு மணிக்கு வில்லை இறக்கி நாணை அவிழ்த்தேன். நரம்பு நாண், காய்ந்து முறுக்கேறியிருந்தது, நகம் பிய்ந்துவிட்டது. நிமிர்ந்த வில்லைப் பார்த்தால் வெறும் மூங்கில். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இன்று பள்ளி நாள். நாலு பத்துக்கு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று. சத்தம் இல்லை. நீ ஜெயித்துவிட்டாய்.

ஆனால் போன கடிதத்துக்குப் பிறகு ஒன்று நடந்தது, பயப்படாமல் படி. வெள்ளிக்கிழமை வில்லுக்குக் கீழே உதிர்த்த பஞ்சைப் பரப்பிக் காய வைத்திருந்தேன். நாலு பத்துக்கு நாண் ஒலித்தபோது பஞ்சில் இரண்டு இடம் பள்ளமானது. பாதம் முழுதாக இல்லை, முன்பாதம் மட்டும். எட்டவில்லை என்றால் அவள் நுனிக்காலில் நிற்பாள் அல்லவா? ஆணியை நாலு விரற்கடை கீழே இறக்கி அடி அப்பா என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள். அன்று ராத்திரிக்கு முன்னால் இறக்கி அடித்தேன். மறுநாள் உன் கடிதம் வந்தது.

எய்தவன் நான்தான். அதை நீ எழுதிக் காட்ட வேண்டியதில்லை, தினமும் காலையில் பல் விளக்கும் முன்னால் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒரு வாரம் என் வீட்டுக்குத் தினமும் ஒரு பிள்ளை வந்தது. நீ சொன்னாய் என்று கதவைச் சாத்திவிட்டேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது. சைக்கிள்காரர் கடை திறந்துவிட்டார். அவருக்கு நிம்மதி, எனக்குத்தான் இல்லை.

இப்படிக்கு,
அவள் அப்பா


ஜூன் 13, வியாழன்

மெத்தைக்காரருக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாள் வீணாக்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் மாடி அறையில் காலர் தைத்துக்கொண்டிருந்தோம். வெளியே மொட்டை மாடியில் துணி காயப் போடும் கொடிக்கயிறு கட்டியிருக்கிறது, ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு, நைலான் கயிறு. அன்று அதில் ஒரு துணியும் இல்லை. அது ஒலித்தது. ஒரு தடவை.

நான் மெஷினை நிறுத்தினேன். அண்ணிதான் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு பத்து ஆச்சே, டீ போடவா?" என்றாள். அந்த நேரத்தை அவள் வாயால் கேட்டதும் வெளியே ஓடிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.

நேற்றும் வந்தது, உங்கள் கடிதமும் நேற்றுதான் வந்தது. பஞ்சில் நுனிக்கால் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கயிற்றை இரண்டு அடி தாழ்த்திக் கட்டினேன். அண்ணன் தலைகுனிந்து போக வேண்டியிருக்கிறது, "எவ இப்படிக் கட்டினது?" என்று கத்தினார். இன்று சத்தம் பிடிவாதமாக இல்லை, மெதுவாக, வீட்டுப் பிள்ளை சுண்டுகிற மாதிரி இருந்தது.

நீங்கள் பொய் சொல்லவில்லை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

இந்த வீட்டுக்கு அவள் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறாள், மூன்று வயதில், என் மடியில் தூங்கிக்கொண்டு, பஸ்ஸில். எப்படி வழி கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. கெட்டிக்காரிதான்.


ஜூன் 16, ஞாயிறு

வீட்டுக்காரிக்கு,

நன்றாக இருக்கிறது நியாயம். என் வீட்டு நாணை அவிழ்க்கச் சொல்லிவிட்டு உன் வீட்டுக் கயிற்றைத் தாழ்த்திக் கட்டிக்கொண்டாய்.

அவளை அனுப்பி வை. நீ சுமந்து பெற்றாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் அழுகையை நிறுத்தியது எது? நீ தாலாட்டுப் பாடினால் இன்னும் கொஞ்சம் வேகமாக அழுவாள். நான் பஞ்சு கொட்ட உட்கார்ந்தால், மூலையில் குவித்த பஞ்சில் அவளைப் போட்டுவிடுவாய், பத்துத் தட்டுக்குள் தூங்கிவிடுவாள். மூக்கில் ஒட்டிய பிசிறை ஊதிவிட்டு நீதான் அந்தப் பெயரே வைத்தாய். வில் அவள் கூடப் பிறந்தது மாதிரி.

பள்ளிக்கூடத்தில் வயலின் வாத்தியார் வந்தபோது அவர் கையிலிருந்த வில்லைப் பார்த்து, "இத்துனூண்டு வில்லை வச்சு ஒரு தலகாணிக்குக்கூடப் பஞ்சு கொட்ட முடியாதே சார்" என்றாளே, அவர் நம்மைக் கூப்பிட்டு அனுப்பினாரே. வானவில் வரைந்தால் கீழே நேராக ஒரு கோடு போட்டுவிடுவாள். அது என்ன என்று கேட்டால் நாண் என்பாள். "நாண் இல்லாம வில்லு எப்படிப்பா நிக்கும்? தூரத்துல இருக்கிறதால நமக்குத் தெரியல" என்று எனக்கே பாடம் எடுத்தாள். இதெல்லாம் கொடிக்கயிறு கட்டிய வீட்டுப் பிள்ளை பேசுகிற பேச்சா?

சரி, முழுதாக வேண்டாம். வாரத்தில் பாதி நாள் உனக்கு, பாதி எனக்கு. அதுவும் முடியாது என்றால் சனி, ஞாயிறு மட்டும். அவளிடமே கேட்டுப் பாரேன்.

வீட்டில் நாலு பத்துக்கு நான் என்ன செய்கிறேன் தெரியுமா? ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மேல் உனக்கு இருக்கும் கோபம் நியாயம். அதற்குத் தண்டனையாக இதை மட்டும் தராதே.

இப்படிக்கு,
அவள் அப்பா


ஜூன் 19, புதன்

மெத்தைக்காரருக்கு,

பாதி உனக்குப் பாதி எனக்கு என்று பங்கு பிரிக்க அவள் என்ன மனைக்கட்டா? சனிக்கிழமை எப்படி அனுப்புவது? பஸ்ஸில் ஏற்றிவிடவா? ஆறு வயது, அரை டிக்கெட். கண்டக்டரிடம் எந்த சீட்டில் இருக்கிறாள் என்று காட்டுவேன்?

அவளாக வந்தாள், அவளாக இருக்கிறாள். நான் கூப்பிடவில்லை. உங்களை மாதிரி தட்டிக் கூப்பிட்டிருந்தால் நீங்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். ஆறு வயது அளவுச் சட்டை ஒன்றை நனைத்துக் கொடியில் போட்டேன். எல்லாப் பித்தானையும் திறந்துதான் போட்டேன். நாலு பத்துக்குக் கயிறு ஒலித்தது. போய் எடுக்கிறேன், சட்டை பித்தான் போட்டிருக்கிறது. மேலிருந்து கீழ்வரை தப்பாக, ஒரு துளை தள்ளி, கடைசியில் ஒரு பித்தான் மிச்சம். காலையில் எத்தனை நாள் அவிழ்த்து மறுபடியும் போட்டுவிட்டிருக்கிறேன். நேற்றும் அவிழ்த்து மறுபடியும் சரியாகப் போட்டேன். பயம் வந்ததா என்று கேட்காதீர்கள். வந்தது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், கீழே இறங்கி வந்து சாப்பிட்டேன். அண்ணி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு விஷயம், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வில்லில் மறுபடி நாண் கட்டாதீர்கள். கட்டினாலும் தட்டாதீர்கள். நீங்கள் இரண்டு தட்டுத் தட்டினால் அவள் கிளம்பிவிடுவாள், எங்கே இருந்தாலும், குறுக்கே எது வந்தாலும். உங்களுக்கே தெரியும்.


ஜூன் 23, ஞாயிறு

வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. நான் வியாழக்கிழமையே தட்டிவிட்டேன்.

திட்டாதே, முதலில் படி. வியாழன் மதியம் கட்டிலுக்கு அடியிலிருந்து வில்லை எடுத்தேன். முழங்காலால் வளைத்து நாணைக் கட்டினேன். கட்டையைக் கையில் எடுத்தபோதுகூட தட்டும் எண்ணம் இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு மணிக்கு வாசலில் நின்று தட்டினேன். இரண்டு தட்டு. தெருக்கோடி வரை போயிற்று. வாசலைத் தாண்டிச் சாப்பாட்டுக் கேரியரோடு போன ஒரு கிழவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். உன் கயிற்றைச் சுண்டுகிறாள், என் ஆணி சும்மா இருக்கிறது, பொறாமை. அவளைப் பெற்ற பெண்டாட்டி மேலேயே பொறாமை.

வியாழன் வரவில்லை. வெள்ளி உன் கடிதம் வந்தது, படித்ததும் நாணை அவிழ்க்கப் போனேன், அவிழ்த்தால் வந்து நிற்கிறவள் எதைச் சுண்டுவாள் என்று விட்டுவிட்டேன். வெள்ளி வரவில்லை. சனியும் இல்லை, இன்றும் இல்லை. லீவு நாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிளம்பவே இல்லையோ? உன்னிடமே இருக்கிறாளோ?

இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது. வில்லை அடுப்பில் வைத்துவிடுகிறேன். உன்னிடமே இருக்கட்டும், சனி ஞாயிறுகூட வேண்டாம். இருக்கிறாள் என்று மட்டும் எழுது.

இதைத் தபாலில் போட்டால் இரண்டு நாள் ஆகும். நாளைக் காலை முதல் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அவள் அப்பா


ஜூன் 25, செவ்வாய்

பிசிறு அப்பாவுக்கு,

அவள் இங்கே இல்லை. வியாழக்கிழமையிலிருந்து இல்லை.

உங்கள் நம்பருக்கு இருபது தடவை போட்டுவிட்டேன். டிராயருக்குள் கிடக்கிற போனுக்கு எப்படிக் கேட்கும்? அதனால் இதைக் கண்டக்டரிடமே கொடுக்கிறேன். நிதானமாகப் படியுங்கள், இரண்டு தடவை படியுங்கள்.

வியாழன் நாலு பத்துக்குக் கொடிக்கயிறு ஒலிக்கவில்லை. சட்டை பித்தான் திறந்தபடியே காய்ந்தது. வெள்ளியும் இல்லை. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணி துணி அளக்கிற மரக்கோலை எடுத்துக் கயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினேன். சனி தட்டினேன். ஞாயிறு, நேற்று, நாலு மணி ஆனதும் தட்டினேன். உங்களுக்குத் தட்டாதீர்கள் என்று எழுதிவிட்டு நான் நாலு நாள் தட்டியிருக்கிறேன். நீங்கள் அங்கிருந்து வா என்றீர்கள், நான் இங்கிருந்து வா என்றேன்.

நேற்று ராத்திரி உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துத் தேதி பார்த்தேன். நீங்கள் முதலில் நாணை அவிழ்த்தது எட்டாம் தேதி. இங்கே கயிறு ஒலித்தது பதினொன்றாம் தேதி. நடுவில் மூன்று நாள். அந்த மூன்று நாள் அவள் எங்கே இருந்தாள் என்று நாம் இரண்டு பேரும் கேட்கவே இல்லை. யாரிடம் இருப்பாள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவள் நடந்து வந்திருக்கிறாள். அறுபத்திரண்டு கிலோமீட்டர், லாரி ரோட்டில், தனியாக. கெட்டிக்காரி என்று வேறு எழுதினேன்.

காலையில் கண்டக்டரிடம் கேட்டேன், வழியில் ஏதாவது பார்த்தீர்களா என்று. எதை என்று அவர் கேட்கவில்லை. முகம் மாறிவிட்டது. முப்பத்தொன்றாவது கல்லில், மூடிக்கிடக்கிற பெட்ரோல் பங்க் எதிரில், வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லா வண்டியும் பிரேக் போடுகிறதாம். "கம்பி அறுந்த மாதிரி 'டொய்ங்'னு ஒரு சத்தம்மா. எறங்கிப் பாத்தா ஒண்ணுமில்ல. நடு ரோட்டுல. ஒரு நாள் இந்தப் பக்கமா கேக்குது, ஒரு நாள் அந்தப் பக்கமா கேக்குது" என்றார். முப்பத்தொன்று என்றால் சரிபாதி.

இனி எழுதப்போவதை ஏழு மாதமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மெயின் ரோட்டில் அவள் முக்கால் ரோட்டைத் தாண்டிவிட்டாள். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் உங்கள் காலைக் கட்டிக்கொண்டிருப்பாள். லாரியைப் பார்த்துவிட்டு நான்தான் "பிசிறு!" என்று கத்தினேன். அம்மா கூப்பிட்டாள் என்று நின்றாள். நின்று திரும்பினாள். அப்பாவிடம் போவதா அம்மாவிடம் வருவதா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் இன்று இரண்டாம் வகுப்புப் படிப்பாள்.

நீங்கள் எதிரில் நின்று இதையெல்லாம் பார்த்தீர்கள். என் அண்ணன் உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கினபோதுகூட நீங்கள் இதைச் சொல்லவில்லை. நான் கடிதத்தில் எய்தவன் என்று எழுதினபோதும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் உங்களை வெறுக்க முடியாமல் போயிருக்கும், அங்கேயே இருந்திருப்பேன். அந்தக் கோபம் இப்போதும் இருக்கிறது. அதை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் இப்போது நடு ரோட்டில் நிற்கிறாள். அன்று நின்ற மாதிரியே, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு. கூப்பிட்டால் வருகிற பிள்ளை, கூப்பிட்ட இரண்டு பேரில் யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கிறாள். நிறுத்தி வைத்திருப்பது நாம்தான்.

வியாழக்கிழமை போவோம். வில்லை எடுத்து வாருங்கள், நாண் கட்டி, கட்டையோடு. ஆனால் வழியில் கை படக்கூடாது, பஸ்ஸில் மடியில் வைத்து நாணைத் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள். வீட்டிலும் இனி தட்டாதீர்கள். நான் மரக்கோலை முறித்துப் போட்டுவிட்டேன்.

முப்பத்தொன்றாவது கல் பெட்ரோல் பங்க் பக்கத்தில் இருக்கிறது. நான் காலையிலேயே போய் பங்க் பக்கம் நிற்பேன். நாலு மணிக்கு நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும். கட்டையை இரண்டு பேரும் சேர்த்துப் பிடித்துக்கொள்வோம், இரண்டு தட்டு, அவ்வளவுதான். நான் கத்த மாட்டேன். அவள் ஒன்று சுண்டியதும் திரும்பி நடப்போம், எந்த வீட்டுக்கு என்பதை அவள் சத்தம் கேட்கிற பக்கத்தை வைத்துத் தெரிந்துகொள்வோம். எந்த வீடானாலும் நானும் வருவேன். பஸ் கிடையாது, அவளுக்கு எட்டுகிற வேகத்தில் நடந்துதான் போக வேண்டும். இரண்டு நாளுக்குத் தண்ணீரும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். நான் இங்கிருந்து போகிறேன், நீங்கள் அங்கிருந்து வருகிறீர்கள். என் பஸ் என்னைப் பங்க் பக்கம் இறக்கும். உங்கள் பஸ் உங்களை ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இறக்கிவிடும். இறங்கினதும் என்னைப் பார்ப்பீர்கள். ஏழு மாதம் கழித்துப் பார்க்கிறோம், கையைத் தூக்கத் தோன்றும், கூப்பிடத் தோன்றும். எனக்கும் தோன்றும். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன், நீங்களும் என்னைப் பார்க்காதீர்கள். இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள், மெதுவாகத் தாண்டி வாருங்கள். எதிர்ப்பக்கம் மட்டும் நிற்காதீர்கள்.